சிதைவு என்றொரு சொல்

‘சிதைவு’ என்ற சொல்லைத் தமிழர்கள் எங்கெல்லாம் வைக்கிறோம் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகும். கேட்பாரற்ற மண்டபம் சிதைகிறது. விபத்தில் உடல் சிதைகிறது. வயிற்றில் கரு சிதைகிறது. எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான்: இருந்தது போய்விட்டது, இனி வராது. எலும்பு முறிந்தால் ஒட்டும், காய்ச்சல் வந்தால் இறங்கும், புண் ஆறும். சிதைவுக்கு மட்டும் அப்படியொரு வினைச்சொல் தமிழில் கிடையாது. ‘சிதைவு குணமாகிவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் தயங்கும். பிணத்தை எரிக்க அடுக்கும் விறகுக்கும் சிதை என்றே பெயர் என்பது காதின் ஓரத்தில் எப்போதும் நிற்கிறது. இந்தச் சொல்லைத்தான் மனத்தோடு சேர்த்து, ஸ்கிசோஃப்ரீனியா என்ற நோய்க்குத் தமிழ்ப் பெயராக வைத்திருக்கிறோம். மனச்சிதைவு நோய். பத்திரிகையிலும் பாடநூலிலும் மருத்துவமனைத் துண்டறிக்கையிலும் அதுதான் இருக்கிறது. எழுதுவதற்கு இது சுலபமான சொல். நோய் வந்தவரை எதிரில் உட்காரவைத்து அவரிடம் சொல்வதற்குத்தான் மிகக் கடினம். ஒரு நோயின் பெயர் முதலில் ஒருவர் மற்றொருவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டிய சொல். அகராதியில் அது எப்படி இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான். அப்படி அளந்தால் மனச்சிதைவு தேறாத பெயர், அதை மாற்ற வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாக. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். அதாவது கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு என்று ஒரு குடும்பம் பிள்ளையைச் சுற்றிக் கணக்குப் போடும் வயதில். யாரும் பேசாதபோது குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் தனக்குத்தான் செய்தி வருகிறது என்ற நம்பிக்கை அசைக்க முடியாமல் உறுதிப்படும். பேச்சு கோவையற்றுப் போகலாம். குளிப்பது, நண்பர்களோடு பழகுவது, சிரிப்பது எல்லாம் குறையலாம். மரபணு, கருவளர்ச்சிக் காலம், வாழ்க்கை நெருக்கடி, கஞ்சா போன்ற பலவும் சேர்ந்து ஏற்றும் அபாயம் இது. ஒற்றைக் காரணம் கிடையாது. இரத்தம் எடுத்தோ ஸ்கேன் எடுத்தோ உறுதிசெய்யும் சோதனையும் இன்றுவரை இல்லை. கண்ணுக்குக் காட்ட ஒரு படமோ எண்ணோ இல்லாத நோயில், குடும்பத்தின் கைக்கு வருவது பெயர் ஒன்றுதான். சர்க்கரை வியாதிக்காரர் தன் அளவைச் சொல்லிப் பேசலாம், இதயநோயாளி அடைப்பின் சதவீதத்தைச் சொல்லலாம். இங்கே பெயரே அறிக்கை, பெயரே எக்ஸ்ரே.

இந்தப் பெயரே ஒரு பெயர்மாற்றத்தில் பிறந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெபெலின் இந்த நோயை ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’ என்று அழைத்தார். இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு என்று பொருள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பல நூறு நோயாளிகளோடு பழகிய ஆய்கன் ப்ளூலருக்கு அது பொருந்தவில்லை. எல்லோருக்கும் இளமையில் வரவில்லை, எல்லோருக்கும் அறிவு தேயவும் இல்லை. 1908இல் பெர்லினில் ஆற்றிய உரையில் அவர் புதுப் பெயரை முன்வைத்தார். 1911இல் அதைப் பற்றி நூலே எழுதினார். பிளத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் மனத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது ஸ்கிசோஃப்ரீனியா. எண்ணம் ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம் என்று இழை பிரிந்து போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஒரே உடலுக்குள் இரண்டு ஆட்கள் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் பிளவு என்ற சொல் தன் வழியே போய்விட்டது. 2005ஆம் ஆண்டில் மட்டும் ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ என்று ஒருவருக்குள் இன்னொருவர் புகுந்த கதைகள் இரண்டு தமிழ்த் திரையரங்குகளில் ஓடின. அந்தக் கதைகள் காட்டும் நிலை வேறு, இந்த நோய் வேறு. இருந்தும் மனம் பிளந்தது, மனம் சிதைந்தது என்று கேட்டவுடன் பார்வையாளர் மனத்தில் எழும் உருவம் திரையில் கண்ட அதே உருவம்தான். தமிழாக்கத்தில் இன்னொரு படி இறக்கமும் நடந்திருக்கிறது. பிளந்தது பொருந்தலாம். சிதைந்தது என்றால் பொருத்தத் துண்டே இல்லை.

இந்தப் பெயர் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது முதல் தடை நாக்கில்தான். சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ என்பதை அடுத்து இன்னொரு மெய் வந்தால் தமிழ் நாக்கு முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொள்ளும். ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிய வழக்கம் அது. ஸ்கிசோஃப்ரீனியாவில் தொடக்கத்திலும் நடுவிலுமாக இரண்டு இடத்தில் மெய்கள் நெருக்குகின்றன. அதனால் அது சீசோபிரினியா ஆகிறது, இஸ்கிசோ ஆகிறது, பாதியில் நின்று ‘சிசோ’ ஆகிறது. மருத்துவர்களே ஒருவர் ஸ்கிட்சோ என்பார், இன்னொருவர் ஸ்கிசோ என்பார். நாக்கு புரளாத பெயரை யாரும் உறவுக்காரரிடம் சொல்ல முனைவதில்லை. மருந்துச் சீட்டை நீட்டிவிடுகிறோம். அந்தச் சீட்டிலும் பல நேரம் பெயருக்குப் பதிலாக எஃப்20 என்ற குறியீடுதான் இருக்கும். பன்னாட்டு நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இந்த நோயின் எண் அது. இல்லாவிட்டால் சைக்கோசிஸ் என்ற பொதுப்பெயர் இருக்கும். அதன் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று குடும்பத்துக்குத் தெரியும். ஹிட்ச்காக் 1960இல் எடுத்த படத்துக்கும் மிஷ்கின் 2020இல் எடுத்த படத்துக்கும் அந்த மிச்சம்தான் தலைப்பு. இரண்டிலும் அது கொலைகாரனைக் குறிக்கிறது.

ஆகவே வீடுகள் வேறு பெயர்களைத் தேடிக்கொள்கின்றன. ‘நரம்புத் தளர்ச்சி’ என்பது அவற்றில் மிகப் பழையது. நோயை மனத்திலிருந்து எடுத்து உடம்பில் வைத்துவிடுகிறது அது. உடம்பில் இருப்பதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ‘கொஞ்சம் டிப்ரஷன்’ என்பது இந்தத் தலைமுறையின் சொல். யாருக்கும் வரக்கூடியது, வந்து போகக்கூடியது என்ற தோற்றம் அதற்கு உண்டு. ‘ரொம்பப் படிச்சதுல இப்படி ஆயிடுச்சு’ என்பதில் நோய்க்குள் ஒரு பெருமையையும் பொதிந்து வைக்கிறார்கள். ‘செய்வினை’ என்றால் குற்றம் வெளியாள் தலையில் போகும், வீட்டுக்குள் மரபு பற்றிய பேச்சே எழாது. தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. இந்தச் சொற்களை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது: கேட்பவரின் பார்வையிலிருந்து ஒரு மனிதரைக் காப்பாற்றுகிறது. மூலப்பெயர் அவரைக் கைவிட்ட இடத்தில் இவை தாங்குகின்றன. ஆனால் தாங்கும்போதே ஒரு விலையும் கேட்கின்றன. நரம்புத் தளர்ச்சிக்கு டானிக் போதும் என்று தோன்றும். டிப்ரஷன் ஆறு மாதத்தில் போய்விடும் என்று மாத்திரையை நிறுத்துவார்கள். செய்வினைக்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை. தகவல் எந்த வரிசையில் போகிறது என்பதும் இதில் முக்கியம். மருத்துவர் அப்பாவிடம் சொல்கிறார், அப்பா அம்மாவிடம் பாதி சொல்கிறார், அண்ணன் கைபேசியில் தேடித் தெரிந்துகொள்கிறான். நோய் யாருக்கோ அவர்தான் கடைசி. ‘அவன் முன்னாடி அந்தப் பேரைச் சொல்லிடாதீங்க’ என்ற வேண்டுகோள் அன்பில்தான் பிறக்கிறது. அந்த அன்பின் விளைவு, தன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒருவர் பல ஆண்டுகள் மாத்திரை விழுங்குவது.

இதே நிலையில் இருந்த ஒரு நாடு ஜப்பான். 1937இலிருந்து அங்கே இந்த நோயின் பெயர் ‘செய்ஷின் புன்ரெட்சு ப்யோ’. மனம் பிளந்த நோய் என்று நேர்ப்பொருள். நம் மனச்சிதைவுக்குக் கூடப்பிறந்த சொல் போல. 1990களில் ஜப்பானிய மனநல மருத்துவச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் 110 பேரிடம் கேட்ட கணக்கு ஒன்று உண்டு. எல்லா நோயாளிகளிடமும் பெயரைச் சொல்கிறேன் என்றவர்கள் 7 சதவீதம். ஆளைப் பார்த்துச் சொல்வேன் என்றவர்கள் 52 சதவீதம். குடும்பத்திடம் மட்டுமே சொல்வேன் என்றவர்கள் 37 சதவீதம். நாட்டின் முன்னணி மருத்துவர்களுக்கே அந்தச் சொல் தொண்டையில் நின்றது. 1993இல் மனநோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய தேசியக் கூட்டமைப்பு, இந்தப் பெயரே எங்கள் பிள்ளைகளை மனிதக் கணக்கிலிருந்து நீக்குகிறது, மாற்றுங்கள் என்று மருத்துவச் சங்கத்திடம் கேட்டது. சங்கம் ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மூன்று பெயர்கள் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன: ஐரோப்பியச் சொல்லை அப்படியே ஜப்பானிய எழுத்தில் எழுதுவது, கிரெபெலின்–ப்ளூலர் என்று மருத்துவர்களின் பெயரை வைப்பது, ‘தோகோ ஷிச்சோ ஷோ’ என்ற புதுச் சொல். மூன்றாவது வென்றது. ஒருங்கிணைப்பில் நேர்ந்த சீர்கேடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அதிலுள்ள ‘ஷிச்சோ’ ஜப்பானியருக்கு அன்றாடச் சொல். தலைசுற்றல், களைப்பு போன்ற தானியங்கி நரம்புத் தொந்தரவுகளுக்கு வீட்டில் வழங்கும் பெயரிலும் அது இருக்கிறது. சமநிலை தவறியிருக்கிறது, திரும்பலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உண்டு. 2002 ஆகஸ்டில், யோகோஹாமாவில் உலக மனநல மருத்துவ மாநாடு கூடிய வேளையில், மாற்றம் அதிகாரபூர்வமானது.

ஏழே மாதங்களில் மருத்துவர்களில் 78 சதவீதத்தினர் புதுப் பெயருக்கு வந்துவிட்டார்கள். நோயாளிக்கே நோயின் பெயர் சொல்லப்பட்ட விகிதம் 2002இல் 36.7 சதவீதமாக இருந்தது, 2004இல் 69.7 சதவீதமானது. மியாகி மாகாணத்தில் கேட்டபோது, நோயாளிக்கு விளக்கிச் சொல்லப் புதுப் பெயரே ஏற்றது என்றார்கள் 86 சதவீத மருத்துவர்கள். அந்த ஆண்டுகளில் நோயாளியின் ஒப்புதலைப் பெற்றே சிகிச்சை தர வேண்டும் என்ற எண்ணமும் ஜப்பானில் வலுப்பெற்று வந்தது. ஆகவே உயர்வு முழுவதையும் பெயரின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும் மிகக் குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய தாவலை மெல்ல நகரும் பண்பாட்டு மாற்றம் மட்டும் விளக்கிவிடாது. மாணவர்களிடம் நடத்தி 2009இல் வெளியான சோதனை ஒன்றும் துணைக்கு வருகிறது. ஒரு சொல்லைக் கண்டதும் மனம் அதை எதோடு ஒட்டவைக்கிறது என்பதை, விசையை அழுத்த ஆகும் நேரத்தைக் கொண்டு அளக்கும் சோதனை அது. பழைய பெயர் ‘குற்றவாளி’ என்ற கருத்தோடு வலுவாக ஒட்டியது. புதிய பெயரில் அந்த ஒட்டுதல் தளர்ந்திருந்தது. நோய் அதேதான், ஆட்களும் அவர்களே. எழுத்து மட்டும் மாறியிருந்தது.

இதற்கு எழும் முதல் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்தது: பெயரை மாற்றினால் கறை புதுப் பெயரிலும் ஏறிவிடும். இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். 1794இல் சென்னையில் தொடங்கிய பைத்தியக்கார விடுதி 1871இல் இன்றைய இடத்துக்கு வந்தது. பலகையில் பெயர் மாறியது, மனநல மருத்துவமனை ஆனது, மனநலக் கழகம் ஆனது. பயன் என்ன? ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. இலங்கையில் ‘அங்கொடை’க்கும் அதே கதி. இந்தியாவில் 1912இன் சட்டத்தில் இருந்த பைத்தியம் என்ற சொல்லை 1987இன் சட்டம் நீக்கியது. தெருவில் அது நீங்கவில்லை. தென்கொரியாவும் நோயாளிகளும் குடும்பங்களும் கொடுத்த மனுவைத் தொடர்ந்து பெயரை மாற்றியது. ‘ஜோஹ்யன்ப்யங்’ என்று ஓர் அழகான சொல், நரம்பிசைக் கருவிக்குச் சுருதி கூட்டுவதைக் குறிப்பது. 2016இல் சியோலின் கங்னம் ரயில் நிலையத்தருகே நடந்த கொலைக்குப் பிறகு அந்தச் சொல்லும் குற்றச் செய்திகளில் அடிபடத் தொடங்கியது. சுருதியும் கறைபட்டது.

இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது, அதை முழுதாக ஏற்கிறேன். எந்தப் பெயரும் ஊர்வாயைக் கட்டாது. ஆனால் நான் கேட்டது ஊர்வாயைப் பற்றி இல்லை. மருத்துவரின் அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பற்றி. ஜப்பானிய எண்கள் எதை அளந்தன என்று மறுபடி பாருங்கள்: சமூகம் எவ்வளவு மதித்தது என்பதை இல்லை, நோயாளியின் காதுக்குப் பெயர் போய்ச் சேர்ந்ததா என்பதை. கறை மெல்ல ஏறுகிறது என்றாலும், ஏறும்வரையிலான ஆண்டுகளில் எத்தனையோ பேர் தம் நோயின் பெயரைத் தம் மருத்துவரிடமிருந்தே கேட்டுக்கொண்டார்கள். அது திரும்பப் பறிபோவதில்லை. கீழ்ப்பாக்கத்தின் கதையும் கூர்ந்து பார்த்தால் வேறொன்றைச் சொல்கிறது. அங்கே மாறியது கட்டிடத்தின் பெயர். நோயாளியிடம் சொல்ல ஒரு சொல்லை அந்த மாற்றம் யார் கையிலும் கொடுக்கவில்லை. தமிழ் வேறு இடங்களில் செய்துகாட்டியதும் நினைவில் இருக்க வேண்டும். 2006–2011 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றுத்திறனாளி என்ற சொல் இடம்பெயர்த்தது. திருநங்கை என்ற சொல் பரவியது. புறக்கணிப்பு ஒழிந்துவிடவில்லைதான். ஆனால் ‘நான் ஒரு திருநங்கை’ என்று ஒருவர் மேடையேறி நெஞ்சு நிமிர்ந்து சொல்ல முடிகிறது. தன்னைக் குறித்துத் தானே சொல்லக்கூடிய சொல் கிடைத்ததுதான் அங்கே நடந்த மாற்றம். ‘நான் மனச்சிதைவு உள்ளவன்’ என்று யாரால் அப்படிச் சொல்ல முடியும்?

இதைவிட என்னை அதிகம் யோசிக்கவைக்கும் எதிர்ப்பு சென்னையிலிருந்தே வருகிறது. மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை மருத்துவர்களும் உள்ளிட்ட குழு, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் குரல் கேட்கும் நோயாளிகளிடம், இடத்துக்கு 20 பேர் வீதம் பேசியது. 2015இல் வெளியான ஆய்வு அது. அமெரிக்கர்கள் தங்கள் நோயின் பெயரைச் சரளமாகச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட குரல்கள் பெரும்பாலும் வன்முறை நிறைந்தவை, அந்நியமானவை. சென்னையில் நோய்ப்பெயரைச் சொன்னவர்கள் மிகச் சிலர். அங்கே பேசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டவை சொந்தக்காரர்களின் குரல்கள். குளி என்றன, சமை என்றன, திட்டின, புத்தி சொன்னன. பெயர் தெரியாதவர்கள்தானே குரலோடு இணக்கமாக இருக்கிறார்கள், பெயரைக் கொண்டுபோய் ஏன் திணிக்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வு காட்டுவது குரலின் குணம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை. பெயர் தெரியாததுதான் அதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. உறவுகளுக்கு நடுவே வாழ்பவருக்கு உறவுகளின் குரல் கேட்பது, பெயர் தெரிந்தபின் நின்றுவிட வேண்டிய தேவையும் இல்லை. பெயர் தெரியாத நிலையிலும் மாத்திரை உண்டு, அதன் பக்கவிளைவுகள் உண்டு, எடை கூடுவது உண்டு, தூக்கம் அழுத்துவது உண்டு. எதற்காக இதையெல்லாம் தாங்குகிறோம் என்று ஒருவருக்குத் தெரிய வேண்டாமா? எந்தப் பெயரைக் கொடுக்கிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றே அந்த ஆய்வை நான் படிக்கிறேன். கேட்டவுடன் உறவுகளையும் அந்நியமாக்கிவிடும் பெயர் நிச்சயம் கேடு செய்யும்.

மூன்றாவது எதிர்ப்பு அறிவியலின் பெயரால் வருவது. பெயரின் வேலை உண்மையைச் சொல்வது, இதமாக இருப்பதில்லை. நோய் கொடியதென்றால் பெயரும் கொடியதாகத்தான் இருக்கும் என்பார்கள். நானும் உண்மையின் பக்கம்தான் நிற்கிறேன். அந்தப் பக்கம் நின்று பார்த்தாலே சிதைவு விழுகிறது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில், முதன்முறையாக இந்நோய் கண்ட 90 பேரை மருத்துவர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். ‘மெட்ராஸ் நீள்கால ஆய்வு’ என்று உலகம் அறிந்த அந்த ஆய்வை ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆர். தாரா பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நீங்கியோ தணிந்தோ இருந்தன. பலர் வேலை பார்த்தார்கள், பலர் மணம் செய்துகொண்டார்கள். சிலருக்கு நோய் விடாமல் தொடர்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏறி இறங்கும், சிலரிடம் தங்கும், பலரிடம் தணியும் ஒன்றை ‘சிதைவு’ என்பது கடுமையான உண்மையும் இல்லை, உண்மையே இல்லை. கிரெபெலினின் பெயரில் இருந்த தவறான ஆரூடத்தை நீக்கத்தான் ப்ளூலர் புதுப் பெயர் வைத்தார். நாம் தமிழாக்கும்போது அதே ஆரூடத்தை வேறு சொல்லில் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

அப்படியானால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே, பொருள் தெரியாத சொல் யாரையும் குத்தாதே என்று கேட்கலாம். ஆட்டிசம் அப்படித்தான் தமிழில் ஊன்றிவிட்டது. இரண்டு அசை, நாக்குக்கு இடைஞ்சலில்லை. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஜப்பானியர் அந்த வழியை மேசையில் வைத்துப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள். பொருள் தெரியாத பெயர் குத்தாது, ஆனால் எதையும் விளக்குவதும் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சினிமா நிரப்பும். தமிழுக்குள்ளேயே வளம் உண்டு. சீர், இசைவு, கோவை, சுருதி என்று குலைந்தாலும் கூடக்கூடிய சொற்கள் ஒரு வரிசையே இருக்கிறது. எது பொருந்தும் என்று நான் ஒருவன் அறிவிப்பது முறையாகாது. ஜப்பானில் கேட்டவர்கள் குடும்பங்கள், கொரியாவில் குடும்பங்களோடு நோயாளிகளும். இங்கே நோயாளிகளும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயின் தன்மையையும் தரப்போகும் சிகிச்சையையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கே தந்திருக்கிறது. உரிமை இருக்கிறது, அதைத் தமிழில் நிறைவேற்றச் சொல் இல்லை. நான்கைந்து சொற்களை எடுத்துக்கொண்டு மருத்துவர்கள் உண்மையான உரையாடல்களில், நோயாளியின் சம்மதத்தோடு, சொல்லிப் பார்க்கலாம். அப்போது குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எந்தச் சொல்லைக் கேட்டபின் அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், எந்தச் சொல்லைக் கேட்டபின் ‘இது ஏன் டாக்டர் எனக்கு வந்தது?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.